சிவப்பு நூல் சாட்சி சொல்லுமா?

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் கல்யாணப் புடவை எடுக்க வரும் கூட்டத்தில் ஒரு பெரியம்மா கட்டாயம் இருப்பார். முந்தானை ஓரத்து ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் அசல். வெள்ளை தெரிந்தால், “வேற காட்டுப்பா.”

சோதனையில் விஷயம் இல்லாமல் இல்லை. சிவப்புப் பட்டு நூல்மேல் தட்டையான வெள்ளி இழையைச் சுற்றி, தங்க முலாம் பூசியதுதான் அசல் ஜரிகை. ஆனால் பெரியம்மாவுக்குத் தெரிந்தது போலி செய்கிறவருக்கும் தெரியுமே! செம்பு இழைக்குள் சிவப்பு நூலை வைக்க அவருக்கு என்ன கஷ்டம்?

‘மணிமேகலை’ காப்பியத்தில் இதே காஞ்சியில்தான் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கம் சொல்லித் தருகிறார். துறவு பூண வந்த பெண்ணுக்கு அளவை, அதாவது எதையும் அறியும் வழி பற்றிய பாடம்! அறிய வழி இரண்டுதான்: நேரில் காண்பது, கண்டதை வைத்து ஊகிப்பது. புகை இருந்தால் நெருப்பு இருக்கும். ஊகம் சறுக்கும் இடங்களையும் அடுக்குகிறார். அதில் ஒன்று அநைகாந்திகம்: காட்டும் அடையாளம் மெய்யிலும் இருக்கும், பொய்யிலும் இருக்கும்; எனவே எதையும் நிறுவாது. சிவப்பு நூல் அந்த ரகம். காப்பியத்தின் இந்தப் பகுதியைத் தாண்டிக் கதைக்கு ஓடுகிறவர்களே அதிகம், நஷ்டம் அவர்களுக்கு.

நூலைக் கொளுத்திப் பார்ப்பது இன்னும் உருப்படியான சோதனை. பட்டும் தலைமுடியும் புரதம். அதனால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும். ஆனால் ஜரிகையில் தங்கம், வெள்ளி எவ்வளவு என்று நெருப்பு சொல்லாது. 2004-இல் வந்த சில்க் மார்க் முத்திரையும் பட்டுக்கு மட்டுமே பொறுப்பு.

ஜரிகைக்கு எக்ஸ்-கதிர் கருவி இருக்கிறது. கதிர் பட்டதும் தங்கம், வெள்ளி, செம்பு ஒவ்வொன்றும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரைத் திருப்பி விடும். ஒவ்வொரு தனிமத்துக்கும் இப்படி ஓர் அடையாளம் உண்டு என்று 1913-இல் இயற்பியலாளர் மோஸ்லி ஒழுங்குபடுத்திக் காட்டினார். புடவையை அறுக்காமலே எது எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும். நெய்தது கைத்தறியா, விசைத்தறியா என்று கேட்டால் அந்தக் கருவிக்கும் தெரியாது. அதற்குப் புடவையைத் திருப்பி, கரையும் உடலும் சேரும் கோர்வையைப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

“பரம்பரைக் கடைம்மா, நம்பி எடுங்க” என்பார் கடைக்காரர். அறவண அடிகள் மற்ற அளவைகளை எல்லாம் ஊகத்துக்குள் அடக்கிவிடுகிறார். அப்படிப் பார்த்தால் கடைக்காரர் வாக்குக்கும் தனி அந்தஸ்து கிடையாது. சொல்கிறவர் எதை வைத்துச் சொல்கிறார் என்று பார்த்தாக வேண்டும். கருவி தரும் சீட்டும் நமக்கு ஒரு வாக்குதான். கலவை தெரிந்த மாதிரியை வைத்து அந்தக் கருவியையே சோதிக்கலாம், வேறு ஊர்க் கருவியில் வைத்தும் எண்ணைச் சரிபார்க்கலாம் என்பதால்தான் அதை நம்புகிறோம்.

காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஜரிகையில் வெள்ளி 57 சதவீதம், தங்கம் 0.6 சதவீதம் என்று எண்ணாகவே குறித்தார்கள். பில்லில் ‘சுத்த ஜரிகை’ என்று எழுதினால் அதை எந்தக் கருவியில் வைப்பது? சதவீதத்தை எழுதித் தரச் சொல்லுங்கள், மறுநாளே சோதித்துவிடலாம். கடைக்காரர் தயங்கினால் உடனே சந்தேகப்பட வேண்டாம். போலி விற்கிறவரும் தயங்குவார், கணக்குத் தெரியாதவரும் தயங்குவார்.