குறி தப்பிய பொருள்

கொட்டாஞ்சேனையில் என்னிடம் தமிழ் கற்கும் மாணாக்கன் ஒருவன் தன் ஆங்கிலக் கட்டுரைத் தாளுடன் முகமலர்ச்சியோடு வந்தான். தாளின் அடியில் அவனுடைய ஆசிரியர் 'வைட் ஒஃப் த மார்க்' என்று எழுதியிருந்தார். 'மார்க்' புள்ளி, 'வைட்' அகலம். எனவே ஆசிரியர் புள்ளிகளை அள்ளி வழங்கினார் என்பது அவன் கொண்ட பொருள். 'குறியினின்று வெகுதூரம் விலகிற்று' என்பதே கருத்தென அறிந்ததும் அவன் முகம் வாடிற்று.

நான் நகைக்கவில்லை. பண்டிதப் பரீட்சைக்குப் படித்த நாளில் 'புல்ஸ் ஐ' என்பதைக் காளையின் கண் என்றே மொழிபெயர்த்தவன் நான். அஃது எய்யும் பலகையின் நடுவட்டம் என்பது பின்னரே தெரிந்தது.

மரபுத்தொடரின் பொருளை அறிய, அது பிறந்த களத்தை அறிதல் வேண்டும். மேற்கண்ட இரண்டும் குறிபார்த்து எய்வோர் களத்தன. நம் குறி, இலக்கு என்னும் சொற்களும் அக்களத்தனவே. ஆதலின் 'எய்ம் ஹை' என்பதை விளக்குதல் எளிது. முயலைக் கொன்ற அம்பினும் யானைக்குத் தவறிய வேலுக்கே பெருமை தந்த வள்ளுவர் கருத்து நமக்கு உண்டு.

'கோல்போஸ்ட்டை நகர்த்துதல்' என்பதோ காற்பந்தாட்டத் தொடர். பந்து நெருங்கும் வேளையிற் கம்பத்தை இடம் மாற்றுவது போல, ஒருவர் முயன்று நெருங்குங்கால் விதியை மாற்றுதல் என்பது பொருள். இதற்கு நேரான தமிழ்த் தொடர் அகப்படாது இடர்ப்பட்டேன்.

வெள்ளவத்தையில் என் அயல்வீட்டார், எழுபது கடந்தவர். அவரிடம் இதைச் சொன்னேன். சிறிது பொழுது பேசாதிருந்தார். பின், "பண்டிதர், அந்தக் கம்பம் நகர்ந்ததை நான் கண்ணாலை கண்டனான்" என்றார்.

1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில் மருத்துவம் பயில, சிங்கள மொழியிற் பரீட்சை எழுதியோருக்கு 229 புள்ளிகள் போதுமாயின. தமிழில் எழுதியோருக்கு 250 வேண்டப்பட்டன. இவர் பெற்றவை இரண்டுக்கும் இடைப்பட்டவை. வாழ்நாள் முழுவதும் எழுதுவினைஞராகவே பணியாற்றி ஓய்வு பெற்றார்.

மறுநாள் வகுப்பில் அத்தொடரை விளக்க நான் காற்பந்தைப் பற்றிப் பேசவில்லை. 229, 250 என்னும் இரண்டு எண்களைக் கரும்பலகையில் எழுதி, அவற்றின் வரலாற்றைச் சொன்னேன். மாணாக்கனுக்குப் பொருள் விளங்கிற்று.