தோட்டில் அரிக்கும் நிக்கல், மூளைக்குள்ளே!

கவரிங் தோடு போட்டால் காது சிவந்து, அரித்து, நீர் கோத்துக்கொள்கிறதா? பெரும்பாலும் அது நிக்கலின் வேலை. மூளை ரத்தக்குழாய்க்குள் வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய்கள் பலவற்றிலும் அதே நிக்கல்தான் இருக்கிறது, தெரியுமா? துளியூண்டு அல்ல, நிட்டினால் என்ற கலவையின் எடையில் சுமார் 55 சதவீதம்!

நிட்டினால் பிறந்தது அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில். 1961இல் அங்கே நடந்த கூட்டத்தில் விசிறி மடிப்பாக மடித்த ஒரு நிட்டினால் பட்டையைக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டேவிட் மஸ்ஸி என்ற அதிகாரிக்கு என்ன தோன்றியதோ, சுங்கான் பற்றவைக்கும் லைட்டரை அதனடியில் காட்டினார். பட்டை தானாகவே நிமிர்ந்து நீண்டுவிட்டது! பழைய வடிவத்தை மறக்காத உலோகம். அதனால்தான் மெல்லிய குழாய்க்குள் ஒடுங்கிப் போகும் ஸ்டென்ட், மூளையில் போய்த் தானே விரிகிறது.

சரி, தோடே ஒத்துக்கொள்ளாதவருக்கு இது ஒத்துக்கொள்ளுமா? பெரும்பாலோருக்கு ஒன்றுமே ஆவதில்லை! நிட்டினால் தன்மேல் டைட்டானியம் ஆக்ஸைடு படலத்தைப் போர்த்திக்கொண்டு நிக்கல் கசிவதை அடக்குகிறது. மாதங்கள் போகப்போக ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களும் கம்பியை மூடிவிடுகின்றன. கோபால்ட்-குரோமியம் ஸ்டென்ட் வைத்தால் தப்பலாமே என்கிறீர்களா? அந்தக் கலவைகளிலும் நிக்கல் சேர்ப்பதுண்டு.

ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. 2000இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வில், இதயத்தில் ஸ்டென்ட் வைத்த 131 பேருக்குத் தோலில் ஒட்டுப் போட்டு அலர்ஜி பார்க்கும் ஒட்டுப் பரிசோதனை செய்தார்கள். உலோக அலர்ஜி தெரிந்தவர்கள் 10 பேர். அந்தப் பத்துப் பேருக்கும் ஸ்டென்ட் வைத்த இடத்தில் ரத்தக்குழாய் மறுபடி சுருங்கியிருந்தது! சின்ன எண்ணிக்கைதான், அதை வைத்து மூளைக்குத் தீர்ப்பெழுத முடியாது.

மூளையில் வேறொரு விநோதம். அபூர்வமாகச் சிலருக்கு, சிகிச்சை முடிந்து வாரங்களோ மாதங்களோ கழித்து எம்.ஆர்.ஐ. படத்தில் புள்ளி புள்ளியாக அழற்சி தெரிகிறது. மருத்துவர்கள் அதற்கு வைத்த சுருக்கப்பெயர் 'நைஸ்'. யாருக்கு நைஸோ! நிக்கல்மீதும் சந்தேகம், ஸ்டென்ட்டைக் கொண்டுபோகும் மெல்லிய குழாயான கத்தீட்டரின் வழவழப்புப் பூச்சு உதிர்வதன்மீதும் சந்தேகம். ஸ்டீராய்டு கொடுத்தால் பலருக்கு அடங்குகிறது.

முன்கூட்டியே முதுகில் ஒட்டுப் போட்டுப் பார்க்கலாம்தான். 2 நாள் ஒட்டியே இருக்க வேண்டும், எடுத்தபின் இன்னும் ஓரிரு நாள் பார்க்க வேண்டும். மூளையில் ரத்தக்குழாய் வெடித்து ஆம்புலன்ஸில் வருகிறவருக்கு அத்தனை நாள் ஏது?