காணும் ஒளியும் காணா ஒளியும்

பழைய வானொலிப் பெட்டியின் முகப்பில் 19, 25, 31, 41, 49 என்று எண்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் மீட்டர் என்ற சொல்லும் இருக்கும். வேரித்தாஸ் வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்பதற்காக, முள்ளை அவ்வெண்களுள் ஒன்றின் அருகே கொண்டு சென்று, மயிரிழை அளவாகத் திருப்பித் திருப்பிக் காத்திருந்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். 2018-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாளோடு அந்நிலையம் தன் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. ஆனால் அந்த எண்கள் எதை அளந்தன என்று நம்முள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? அதை அறிந்துகொண்டால், இன்று பல வீடுகளில் அச்சத்தோடு உச்சரிக்கப்படும் 'கதிர்வீச்சு' என்னும் சொல்லையும் சரியாக எடைபோட இயலும்.

வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்று, அலைகள் உடையும் இடத்திற்கு அப்பால் நங்கூரமிட்டிருக்கும் படகை நோக்குவோம். அலை வரும்போது படகு உயர்கிறது. அலை கடந்தவுடன் தாழ்கிறது. ஆனால் அலையோடு சேர்ந்து கரைக்கு வந்துவிடுவதில்லை. படகைத் தாங்கும் நீரும் அவ்வாறே இருந்த இடத்தில் ஏறி இறங்குகிறது. கரையை நோக்கி ஓடி வருவது அசைவும் அது சுமந்து வரும் ஆற்றலுமே. ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையுள்ள தொலைவை அலைநீளம் என்கிறோம். ஒரு விநாடியில் எத்தனை முகடுகள் கடந்து செல்கின்றன என்ற கணக்கே அதிர்வெண். இவ்விரண்டையும் பெருக்கினால் அலையின் வேகம் கிடைக்கும். அலைகளைப் பற்றிய பாடத்தில் பாதி இவ்வளவே.

வானொலி அலைக்கு நீரும் வேண்டா, காற்றும் வேண்டா. மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றையொன்று பிறப்பித்துக்கொண்டு வெற்றிடத்திலும் விரைந்து செல்லும் அலை அது. ஸ்காட்லாந்து நாட்டவரான ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், கருவி எதனாலும் அதனைக் காணுமுன்பே காகிதத்தில் கணக்கிட்டு, 1865-ஆம் ஆண்டு தம் கட்டுரையை வெளியிட்டார். கணக்கில் கிடைத்த வேகம் விநாடிக்கு ஏறக்குறைய மூன்று லட்சம் கிலோமீட்டர். அதுவோ ஒளியின் வேகம்! அப்படியானால் ஒளியும் ஒரு மின்காந்த அலையே என்று அவர் துணிந்தார். 1887, 1888 ஆண்டுகளில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ், மின்பொறியிலிருந்து அத்தகைய அலைகளை எழுப்பி, ஒளியைப் போலவே அவையும் எதிரொளித்து வளைவதைக் காட்டினார். வானொலிப் பெட்டியின் 31 மீட்டர் என்பது இந்த அலையின் முகட்டிற்கும் முகட்டிற்கும் இடையிலுள்ள நீளம். விநாடிக்கு ஏறக்குறைய 97 லட்சம் அதிர்வுகள்.

இந்த அலை பிலிப்பைன்சிலிருந்து நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து நம் இல்லத்தை எவ்வாறு அடைந்தது? பூமியோ உருண்டை; அலையோ நேராகச் செல்வது. வானின் உயரத்தில், கதிரவனின் கதிர்களால் மின்னேற்றம் பெற்ற காற்றுப் படலம் ஒன்று உள்ளது. அதனை அயனி மண்டலம் என்பர். சிற்றலைகள் அதில் பட்டு மீண்டும் பூமிக்கு வளைந்து, தரையிலோ கடலிலோ பட்டு மறுபடியும் மேலெழும்பி, இவ்வாறு தாவித் தாவி வந்து சேர்ந்தன. 1931-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள், மார்க்கோனி அமைத்துக் கொடுத்த நிலையத்திலிருந்து திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் உலகோடு பேசியதும் சிற்றலையின் இந்தத் தாவலை நம்பியே. பாடல் நடுவே ஓசை மெலிந்து, பின் தானே பெருகியதும் நினைவிருக்கும். ஒரே அலை இரு வழிகளில் வந்து சேரும்போது, முகட்டோடு முகடு கூடினால் ஓசை வளரும்; முகட்டோடு பள்ளம் கூடினால் மங்கும். பெட்டியைத் தட்டியவர்கள் வீணாகவே தட்டினார்கள்.

ஒளியிலும் இதே கூத்து உண்டு. பொலோஞா நகரில் வாழ்ந்த இயேசு சபைத் துறவி பிரான்சிஸ்கோ மரிய கிரிமால்தி, இருட்டறையில் சிறு துளை வழியே கதிரவனின் ஒளியை விட்டு, அதில் மெல்லிய பொருளொன்றை நிறுத்தி நிழலை அளந்தார். ஒளி நேர்கோட்டில் மட்டுமே செல்வதாயின் இருக்க வேண்டிய அகலத்தைவிட நிழல் அகன்றிருந்தது. அதன் ஓரத்தில் வண்ணக் கோடுகளும் தெரிந்தன. இந்த விளிம்பு வளைவுக்குப் பெயரிட்டவரும் அவரே. அவர் இறந்து ஈராண்டுகள் கழித்து, 1665-இல், அவர் நூல் வெளிவந்தது. (தொடக்கநூலில் முதல் நாளில் ஒளியும் நான்காம் நாளில் கதிரவனும் படைக்கப்பட்டதைக் காட்டி, மின்காந்த அலை அங்கேயே கூறப்பட்டுள்ளது என்பாரும் உளர். மறைநூல் நமக்குக் கற்பிக்க வந்தது அதுவன்று என்றே நாம் கருதுகிறோம்.)

கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் மிகச் சிறியது. பச்சை ஒளியின் ஏறக்குறைய 2,000 அலைகளை ஒரு மில்லிமீட்டரில் அடுக்கிவிடலாம். ஊதாவிலிருந்து சிவப்பு வரையுள்ள இச்சிறு பகுதியே நம் கண்ணுக்கு அருளப்பட்ட பங்கு. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல், சிவப்பிற்கு அப்பால் ஒன்றுமில்லாத இடத்தில் வைத்த வெப்பமானி ஏறுவதைக் கண்டார், அது அகச்சிவப்பு. மறு ஆண்டில் ரிட்டர், ஊதாவிற்கு அப்பால் வெள்ளி உப்பு கறுப்பதைக் கண்டார்; அது புற ஊதா. 1895-இல் ரோண்ட்கன் கண்ட எக்ஸ் கதிரின் அலைநீளம் அணுவின் அளவே. அதற்கும் அப்பால் காமாக் கதிர். மறுபக்கம், கல்கத்தா தூய சவேரியார் கல்லூரியில் அருட்தந்தை லஃபோனிடம் பௌதிகம் பயின்ற ஜகதீச சந்திர போஸ், அலைநீளம் சில மில்லிமீட்டரே உள்ள நுண்ணலைகளை எழுப்பி ஆராய்ந்தார். எல்லாம் ஒரே குலம். அளவு ஒன்றே வேறு.

அளவு வேறாகும்போது விளைவும் வேறாகிறது. பிளாங்க் 1900-லும் ஐன்ஸ்டீன் 1905-லும் காட்டியபடி, இவ்வலைகள் தம் ஆற்றலைச் சிறு சிறு பொட்டலங்களாகவே கொடுக்கின்றன. அதிர்வெண் கூடினால் பொட்டலமும் பெரிதாகும். மரத்திலுள்ள மாங்காயை ஒரு கல் வீழ்த்தும். கூடை கூடையாக மணலை வாரி இறைத்தாலும் அது விழாது. எக்ஸ் கதிர் கல் போன்றது. நம் உயிரணுவிலுள்ள மூலக்கூறைத் தாக்கி உடைக்கக்கூடியது. வானொலி அலையும் கைப்பேசி அலையும் மணல் போன்றவை. 900 மெகாஹெர்ட்ஸ் கைப்பேசி அலையின் பொட்டலத்தைவிட, வேப்ப மரத்தடியில் நம்மீது விழும் பச்சை ஒளியின் பொட்டலம் ஏறக்குறைய ஆறு லட்சம் மடங்கு பெரிது. மணலும் அளவுக்கு மிஞ்சினால் சூடாக்கும் என்பதை மறுக்கவில்லை; நுண்ணலை அடுப்பு செய்வது அதுவே. ஆகவேதான் கோபுரங்களுக்கு வரம்பு உண்டு. 2012 செப்டம்பர் முதல் நம் நாடு பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கையே ஏற்றுக்கொண்டது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2011-இல் கைப்பேசி அலைகளை 'ஒருவேளை புற்றுநோய் விளைவிக்கலாம்' என்ற ஐயப் பட்டியலிலேயே சேர்த்தது. வெயிலையும் எக்ஸ் கதிரையுமோ உறுதியான காரணிகளாக வைத்திருக்கிறது. நாமோ தெருக்கோடிக் கோபுரத்திற்கு எதிராகக் கையொப்பம் திரட்டுகிறோம், குழந்தைக்குத் தலையில் சிறு அடி பட்டால், "எதற்கும் ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துவிடுங்கள், டாக்டர்" என்று நாமே வற்புறுத்துகிறோம். அச்சத்தை இடம் மாற்றி வைத்திருக்கிறோம். கோபுரம் தொலைவாக இருந்தால் காதோரத்திலுள்ள கைப்பேசிதான் கூடுதல் ஆற்றலோடு அலையை அனுப்ப வேண்டியிருக்கும் என்பதையும் எண்ணுவதில்லை.

எக்ஸ் கதிரை வெறுக்கச் சொல்லவில்லை. முறிந்த எலும்பிற்கும் காசநோய் ஐயத்திற்கும் மருத்துவர் கேட்கும் ஒரு படத்தை மறுப்பது அறியாமை. நெஞ்சுப் படம் ஒன்றால் உடல் ஏற்கும் கதிர், மண்ணும் வானும் ஓரிரு வாரங்களில் இயல்பாகவே நமக்குத் தருவதைவிட மிகுதியன்று. சி.டி. ஸ்கேனில் அது பல பத்து மடங்கு, சிலவற்றில் நூறு மடங்கும் ஆகும். கருவுற்ற தாய்க்குச் செய்யும் ஸ்கேன் இந்தக் குலத்தையே சேர்ந்ததன்று, அது ஒலியலை. எம்.ஆர்.ஐ. காந்தமும் வானொலி அலையும் கொண்டது. மஞ்சள் காமாலை கண்ட பச்சிளங்குழந்தையைக் கிடத்தும் நீல விளக்கு, கண்ணால் காணும் ஒளியே. கரு தரித்திருக்கலாம் என்ற ஐயம் சிறிதளவு இருப்பினும், எக்ஸ் கதிர் அறைக்குள் நுழையுமுன் அதனைச் சொல்லிவிட வேண்டும். பழைய படங்களைப் பரணில் போடாமல் உறையிலிட்டு வைத்து, புதிய மருத்துவரிடம் செல்லும்போது கையோடு கொண்டு சென்றால், அதே படத்தை மீண்டும் எடுக்கும் தேவை பல வேளைகளில் எழாது.