டோக்கன் பேரேடும் ஓயாத கணக்கப்பிள்ளையும்

திருப்பதிக்கு வரும் யாத்திரிகர் பலரும் முதலில் நாடுவது தரிசன நேரம் குறிக்கப்பெற்ற டோக்கன் சீட்டை. அச்சீட்டின் மதிப்பு அதன் காகிதத்தில் இல்லை. ஒரு சீட்டு ஒரு முறைதான் செல்லும் என்னும் உறுதியிலேயே இருக்கிறது. அவ்வுறுதியைக் காப்பது, சீட்டை வழங்கிய அலுவலகத்தின் பதிவேடு ஆகும்.

கணிப்பொறியில் டோக்கன் என்பது வெறும் எண்களின் கோவை. எண்களைப் படியெடுப்பது நொடிப்பொழுது வேலை. ஆகவே, ஒரே டோக்கனை ஒருவர் இருவரிடம் செலவிடாமல் தடுப்பது எவ்வாறு? நடுவே ஓர் அலுவலகம் இருந்தால் அது தன் பேரேட்டைப் பார்த்துச் சொல்லிவிடும். நடுவர் எவருமே இல்லாமல் இதனைச் செய்ய இயலும் என்று காட்டியது பிட்காயின் ஆகும். 2009 ஜனவரி 3 எனத் தேதியிடப்பெற்ற முதற் கட்டத்துடன் அதன் பேரேடு தொடங்கியது.

இம்முறையில் பேரேட்டின் படி ஒவ்வோர் உறுப்பினரின் கணிப்பொறியிலும் இருக்கும். கொடுக்கல் வாங்கல்கள் ஒரு கட்டமாகத் தொகுக்கப்பெறும். ஒவ்வொரு கட்டத்தின் தலைப்பிலிருந்தும் 256 பிட்டு நீளமுள்ள ஒரு சுருக்க எண் கணக்கிடப்பெற்று, அடுத்த கட்டத்தின் தலைப்பில் எழுதப்பெறும். பழைய கட்டத்தில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் அதன் சுருக்க எண் முற்றிலும் மாறிவிடும். பின்வரும் கட்டங்கள் யாவும் பொருந்தாமற் போகும். இதனாலேயே இதற்குக் கட்டச் சங்கிலி, அதாவது பிளாக்செயின், என்னும் பெயர் வந்தது.

டீமன் என்பது யாது?

இப்பேரேட்டை நடத்தும் நிரல் இரு பகுதிகளாக அமைந்துள்ளது. முதலாவது, திரையில் தோன்றாமல் பின்னணியில் இரவும் பகலும் இயங்குவது. உள்ளறையில் அமர்ந்திருக்கும் கணக்கப்பிள்ளையைப் போல, வரும் கட்டங்களைச் சரிபார்த்துப் பதிவதும் பிற கணிப்பொறிகளுக்கு அனுப்புவதும் அதன் பணி. இத்தகைய நிரலுக்கு டீமன் என்று பெயர். 1963-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இப்பெயரை வழங்கியோர், மாக்ஸ்வெல் என்னும் பௌதிக அறிஞர் கற்பனை செய்த, மூலக்கூறுகளை ஓயாமல் பிரித்தனுப்பும் பூதத்தை நினைவிற்கொண்டே அவ்வாறு செய்தனர்.

இரண்டாவது பகுதி கட்டளைவரிக் கருவி. நாம் தட்டும் ஒரு வரிக் கட்டளையை அது டீமனிடம் கொண்டு சேர்த்து, விடையைப் பெற்றுத் தருகிறது. பேரேட்டைத் தொடுவது டீமனே. கருவி தூது செல்வது மட்டுமே.

கட்டியமைக்கும் முறை

பிட்காயின் நிரலின் மூலம் சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பெற்று, யாவரும் பெறத்தக்கதாக வெளியிடப்பட்டுள்ளது. லினக்ஸ் கணிப்பொறியில் தொகுப்பானும், பூஸ்ட், லிப்ஈவென்ட், எஸ்கியூலைட் ஆகிய நூலகங்களும் வேண்டும். 2025-இல் வெளிவந்த 29-ஆம் பதிப்பு முதல் சீமேக் என்னும் கருவி கொண்டு தொகுக்கப்பெறுகிறது. தொகுத்தவுடன், உடன்வரும் சோதனைகளை ஓட்டிப் பார்ப்பது நல்லது. ஆயத்தமாக உள்ள கோப்பை இறக்கிக்கொள்வோர், அதன் சரிபார்ப்பு எண்ணையும் கையொப்பத்தையும் ஒப்பிட்ட பிறகே நிறுவுதல் வேண்டும்.

இம்மூலத்தின் விதிகளைச் சிறிது மாற்றிப் புதிய டோக்கனைப் படைப்பதும் இயலும். 2011-இல் தோன்றிய லைட்காயின் அத்தகையது. பத்து நிமிடத்திற்கு ஒரு கட்டம் என்பது அதில் இரண்டரை நிமிடமாகவும், 2 கோடியே 10 லட்சம் என்னும் உச்ச வரம்பு 8 கோடியே 40 லட்சமாகவும் மாற்றப்பட்டது. டீமனும் கட்டளைக் கருவியும் அதற்கும் அவ்வாறே உண்டு.

வகுப்பறையில் ஒரு சோதனை

உலகப் பேரேடு முழுவதையும் வைத்திருக்க நூற்றுக்கணக்கான கிகாபைட் இடம் வேண்டும். பள்ளிக்கு அது தேவையில்லை. ‘ரெக்டெஸ்ட்’ என்னும் சோதனை முறையில் டீமனைத் தொடங்கினால், வெறுமையான தனிப்பேரேடு ஒன்று கிடைக்கும். அதன் காசுகளுக்குச் சந்தை மதிப்பு யாதும் இல்லை.

முதலில் ஒரு பணப்பையையும், பின்னர் ஒரு முகவரியையும் உண்டாக்குக. அம்முகவரிக்கு 101 கட்டங்களை உருவாக்குமாறு கட்டளையிடுக. இருப்பைக் கேட்டால் 50 காசுகள் என்று விடை வரும். 101 கட்டங்களுக்கு 50 மட்டுமா என மாணவர் வினவுவர். புதிதாகப் பிறந்த காசு, அதன்மேல் 100 கட்டங்கள் சேர்ந்த பின்னரே செலவிடத்தக்கது என்பது விதி. ஆகவே முதற் கட்டத்தின் காசு மட்டுமே முதிர்ந்துள்ளது.

அடுத்து, வேறொரு பணப்பைக்கு 10 காசுகளை அனுப்புக. சோதனைப் பேரேட்டில் கட்டணத்தைக் கணிக்கப் போதிய வரலாறு இல்லை. எனவே அமைப்புக் கோப்பில் மாற்றுக் கட்டணம் ஒன்றை முன்னரே குறித்து வைத்தல் வேண்டும். இன்னும் ஒரு கட்டம் சேரும் வரையில் அத்தொகை உறுதிபெறாது நிற்பதைக் காணலாம். வேலை முடிந்ததும் ‘ஸ்டாப்’ என்னும் கட்டளையால் டீமனை நிறுத்துக. மின்சாரம் திடீரென அற்றுப்போனால், எழுதிக்கொண்டிருந்த கோப்புகள் பழுதாகி, பேரேட்டை மீண்டும் வரிசைப்படுத்த நேரிடலாம்.

டீமன் கட்டளைகளை ஏற்கும் வாயிலை வெளி இணையத்திற்குத் திறந்து வைத்தல் ஆகாது. அவ்வாயில் வழியே நுழைபவர் பணப்பையையே ஆள இயலும்.

நிலப்பதிவுக்கு இது உதவுமா?

முன்னர் சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியில், 2024 ஜூலை 21 இரவு சப்-கலெக்டர் அலுவலகத்தில் தீப்பற்றி, நில ஆவணக் கோப்புகள் பல எரிந்தன. ஒரே அறையில் ஒரே படியாக இருக்கும் ஆவணம் எவ்வளவு நலிந்தது என்பதை இப்பகுதி மக்கள் கண்கூடாகக் கண்டனர். ஆந்திர அரசு 2017-லேயே சுவீடன் நாட்டுக் குரோமாவே நிறுவனத்துடன் சேர்ந்து, நிலப்பதிவில் கட்டச் சங்கிலியைச் சோதிக்க முற்பட்டது. மத்திய அரசு 2024 செப்டம்பரில் தொடங்கிய தேசியக் கட்டச் சங்கிலி அமைப்பு, புவனேசுவரம், புனே, ஹைதராபாத் ஆகிய மூன்று நகரங்களின் தரவு நிலையங்களில் பரவி அமைந்துள்ளது.

ஆயினும் இதன் வரம்பையும் உணர்தல் வேண்டும். அடங்கலில் பிழையாக எழுதிய பெயரைச் சங்கிலி திருத்தித் தராது. பிழையையும் அது உறுதியாகவே காக்கும். பத்துப் படிகளும் ஒரே அலுவலகத்தின் ஆளுகையில் இருந்தால், அவ்வலுவலகம் பத்தையும் மாற்றி எழுதக்கூடும். ஆகவே டீமன்களை எவரெவர் நடத்துகின்றனர் என்பதே முதலில் கேட்கத்தக்க வினா. களத்தில் அளந்து எழுதும் ஊழியரின் நேர்மைக்கு ஈடாக எந்த நிரலும் நில்லாது.

டோக்கன் என்னும் பெயரைக் காட்டிப் பணம் திரட்டுவோரிடமும் மக்கள் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும். மேலே காட்டியவாறு, விதியை மாற்றிப் புதிய டோக்கன் படைப்பது மிக எளிது. அதற்கு மதிப்பு உண்டாக்குவதே அரிது. இந்தியாவில் இத்தகைய டோக்கன்கள் சட்டபூர்வமான பணம் அல்ல. ரிசர்வ் வங்கி 2022 டிசம்பர் 1 அன்று சில்லறை உபயோகத்திற்குச் சோதனையாகத் தொடங்கிய மின்-ரூபாய் வேறு. அது வங்கியே வெளியிடும் நாணயம்.

இறுதியாக, இரு கணிப்பொறிகளைப் பிணைத்து மாணவர்க்கு ஒன்று காட்டலாம். ஒன்றில் டீமனை நிறுத்தி, கட்டங்களின் கோப்புகளை அழித்துவிட்டு மீண்டும் தொடங்குக. மற்றதிலிருந்து பேரேடு முழுவதும் திரும்பி வந்துவிடும். பின்னர் படியெடுத்து வைக்காத பணப்பைக் கோப்பை அழித்துப் பார்க்க, அது திரும்பாது. பேரேட்டில் காசு இருக்கும். அதனை எடுக்கும் சாவியோ எவரிடமும் இராது. பேரேட்டைப் பலர் காப்பர். சாவியை உடையவரே காத்துக்கொள்ளுதல் வேண்டும்.