ஜாவர் தீயவனா?

ஒரு நாவலைப் படித்து முடித்த பிள்ளைகளிடம், "கதையில் நல்லவர் யார், கெட்டவர் யார்?" என்று கேட்பது நம் வழக்கம். சிறுவர் கதைகளுக்கு இக்கேள்வி போதும், பேரிலக்கியங்களுக்குப் போதாது. மனிதரை இரு கூடைகளில் பிரித்துப் போடுவது பெரும் படைப்பாளியின் நோக்கமன்று. ஒரே கொடை இரு வேறு உள்ளங்களில் விழும்போது என்ன விளைகிறது என்பதையே அவன் நமக்குக் காட்டுகிறான். இதற்குத் தக்க சான்று, பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோ 1862-ஆம் ஆண்டு வெளியிட்ட 'லே மிசெராபிள்' என்னும் நாவல்.

தமிழருக்கு இது புதிய கதையன்று. கவியோகி சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்னும் பெயரில் இதனைத் தமிழில் தந்தார். அதே பெயரில் 1950-ஆம் ஆண்டு திரைப்படமும் வந்தது. நாயகனாக நாகையா நடித்தார். அவரை விடாது துரத்தும் காவல் அதிகாரியாக நடித்த சீதாராமன், அப்பாத்திரத்தின் பெயராலேயே 'ஜாவர் சீதாராமன்' என்று பின்னர் அறியப்பட்டார். கத்தோலிக்கராகிய நமக்கு இந்நூலோடு இன்னொரு தொடர்பும் உண்டு. 1864-இல் இது திருச்சபையின் தடைசெய்யப்பட்ட நூல்களின் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அந்த அட்டவணை 1966-இல் முற்றிலும் கைவிடப்பட்டது. ஓர் ஆயரின் இரக்கத்தை அடித்தளமாகக் கொண்ட நூலை நாமே ஒரு காலத்தில் ஒதுக்கி வைத்திருந்தோம் என்பது சிந்திக்கத்தக்கது.

ஆயரும் கைதியும்

பசியால் வாடிய தன் அக்காளின் ஏழு பிள்ளைகளுக்காக ஒரு ரொட்டியைத் திருடினான் ஜீன் வால்ஜீன். அதற்கு ஐந்தாண்டுத் தண்டனை. தப்பியோட முயன்றதற்காக அது நீண்டுகொண்டே போய், பத்தொன்பது ஆண்டுகளாயிற்று. 1815-இல் விடுதலையானவனுக்கு எந்த விடுதியிலும் இடமில்லை. கையிலிருந்த மஞ்சள் நிறச் சீட்டு அவன் கைதி என்பதை ஊருக்கெல்லாம் அறிவித்தது. அவனுக்குத் திறந்த ஒரே கதவு தீஞ் நகரின் ஆயர் மிரியேலுடையது.

இந்த ஆயர் வெறும் கற்பனை அல்லர். 1805 முதல் 1838 வரை அந்நகரில் ஆயராயிருந்த மியோலிஸ் என்பவரை மனத்திற்கொண்டே ஹியூகோ அவரைப் படைத்தார். கதையில் அவர் தம் மாளிகையை நோயாளிகளுக்குக் கொடுத்துவிட்டு, மருத்துவமனையாயிருந்த சிறு வீட்டில் குடியேறுகிறார். செல்வமென அவரிடம் எஞ்சியவை வெள்ளிக் கரண்டிகளும், இரண்டு வெள்ளி மெழுகுதிரித் தண்டுகளுமே. உண்டு உறங்கிய வீட்டிலேயே கரண்டிகளைத் திருடிக்கொண்டு ஓடுகிறான் வால்ஜீன். காவலர் அவனைப் பிடித்து வந்தபோது, அவை தாம் கொடுத்தவை என்கிறார் ஆயர். திரித்தண்டுகளையும் எடுத்து அவன் கையில் வைக்கிறார்.

இக்காட்சியை மறந்தவர் இலர். ஆனால் அடுத்த காட்சியைப் பலர் மறந்துவிடுகின்றனர். அன்றே வால்ஜீன் மீண்டும் திருடுகிறான்! வழியில் வந்த ஓர் ஏழைச் சிறுவனின் வெள்ளிக் காசைக் காலால் மிதித்து மறைத்து, அவனை அழ அழ விரட்டுகிறான். பின்னரே தன்னை உணர்ந்து, சிறுவனைத் தேடி ஓடி, காணாமல் கதறுகிறான். இரக்கம் மந்திரம் போல் வேலை செய்வதில்லை. விதை போலவே வேலை செய்கிறது என்பதை ஆசிரியர் இங்கே உணர்த்துகிறார்.

கடன்படாதவன்

இனி ஜாவரைக் காண்போம். அவன் சிறையிலே பிறந்தவன். தந்தை தண்டனைக் கைதி. தான் பிறந்த சூழலை வெறுத்து, சட்டத்தையே தன் புகலிடமாக்கிக் கொண்டான். கையூட்டு வாங்கமாட்டான், பொய் சொல்லமாட்டான். வால்ஜீன் வேறு பெயரில் நகரத் தலைவனாயிருக்கையில், அவனைப் பழைய கைதியென்று மேலிடத்திற்கு எழுதுகிறான். தான் பிழை செய்துவிட்டதாகக் கருதியதும், நேரே அவனிடமே சென்று, "என்னை வேலையிலிருந்து நீக்குங்கள்" என்று கேட்கிறான். தீயவன் இப்படிச் செய்வானா?

1832-இல் பாரிசில் மூண்ட கிளர்ச்சியில் ஜாவர் சிறைப்படுகிறான். அவனைக் கொல்லும் உரிமை வால்ஜீனுக்குக் கிடைக்கிறது. வால்ஜீனோ கட்டை அறுத்து, அவனை உயிரோடு அனுப்பிவிடுகிறான். பின்பு வால்ஜீனைக் கைது செய்யும் வாய்ப்பு வந்தபோது ஜாவரால் இயலவில்லை, விட்டுவிடுகிறான். விட்டபின் அவனால் வாழவும் இயலவில்லை. சேன் ஆற்றில் குதித்து மாள்கிறான்.

இருவரும் பெற்ற கொடை ஒன்றே: தகுதியற்ற நிலையில் திரும்பக் கிடைத்த உயிர். வெறுங்கையனான வால்ஜீன் அதை ஏற்றுக்கொண்டான். எவர்க்கும் கடன்படாமல் வாழ்ந்த ஜாவரால் அதைத் தாங்க முடியவில்லை. ஊதாரி மகன் உவமையிலே மூத்தவன் விருந்துக்குள் சென்றானா என்பதை நம் ஆண்டவர் சொல்லாமலே விட்டார். வெளியிலேயே நின்றுவிட்ட ஒரு மூத்த மகனின் கதையாக ஜாவரின் வாழ்வை நாம் படிக்கலாம்.

திருத்தப்பட்ட கட்டுரை

குருமடத்தில் பயின்ற நாளில் இந்நாவலைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதினேன். ஆயரை வானளாவப் புகழ்ந்து, ஜாவரைத் தீமையின் வடிவம் என முடித்திருந்தேன். ஆசிரியர் ஓரத்தில், "மீண்டும் படிக்கவும்" என்று மட்டும் எழுதித் தந்தார். எனக்கு வருத்தமே மிஞ்சியது.

ஆண்டுகள் பல சென்றபின், நான் பங்குக் குருவாயிருந்த ஓரூரில், சிறையிலிருந்து வந்த ஒருவர் என்னைத் தேடி வந்தார். கோவிலில் இரவுக் காவல் வேலை கேட்டார். "பங்குப் பேரவை ஒத்துக்கொள்ளாது, ஐயா" என்றேன் பணிவாக. "சரிங்க, சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அவரை உட்காரச் சொல்லவுமில்லை. உண்மையில், பேரவையை நான் கேட்கவேயில்லை. அன்றிரவு நாவல் நினைவுக்கு வந்தது. நான் ஆயர் மிரியேல் இல்லை என்பது தெளிவு. ஜாவரும் இல்லை, அவன் பொய் சொல்லியிருக்கமாட்டான். மறுநாள் அவரைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஆசிரியரின் அச்சிறு குறிப்பு எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் இல்லத்தில் பிள்ளைகள் கதை நூல் படிக்கும்போது, நல்லவர் யார், கெட்டவர் யார் என்பதோடு நின்றுவிடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் என்ன கொடுக்கப்பட்டது, அதை அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். பிறகு, இவர்களுள் நான் யார் என்று நீங்களே பிள்ளைகள் முன் சொல்லிப் பாருங்கள். அது எளிதன்று. வால்ஜீன் அந்தத் திரித்தண்டுகளை விற்காமல் இறுதிவரை வைத்திருந்தான். அவற்றின் ஒளியிலேயே உயிர்விட்டான். பெற்ற இரக்கத்தை மறவாதவனுக்கே பிறர்க்கு இரங்கவும் தெரியும்.