அழுத பிள்ளையின் பணம் எங்கே?

கல்லெறிந்து ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு ஓடுகிறான் ஒரு பொடியன். சற்று நேரத்தில் முதுகில் கண்ணாடிகளைச் சுமந்தபடி, ஒன்றுமே அறியாதவர்போல் வந்து சேர்கிறார் சாப்ளின். இன்னொரு வீட்டில் பையன் கல்லை ஓங்கும்போது, பின்னால் நிற்கும் போலீஸ்காரர் மேல் கை இடிக்கிறது. உடனே கல்லைத் தூக்கிப்போட்டுப் பிடித்து விளையாடுவதுபோல் ஒரு பாவனை. அடுத்த நொடி ஓட்டம். 1921-ல் வந்த ‘தி கிட்’ படத்தின் அந்தப் பையன் ஜாக்கி கூகன். படப்பிடிப்பின்போது வயது நான்கைந்துதான்.

பெற்றோர் மேடைக் கலைஞர்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நாடக அரங்கு ஒன்றில் பையன் ஆடியதைப் பார்த்துத்தான் சாப்ளின் அவனைப் பிடித்துப்போட்டார். அநாதை விடுதி ஆட்கள் இழுத்துப்போகும் காட்சியில் பையனுக்கு அழுகை வரவில்லை. அழாவிட்டால் நிஜமாகவே விடுதிக்கு அனுப்பிவிடுவோம் என்று அப்பா மிரட்டினாராம். சுயசரிதையில் சாப்ளினே எழுதியிருக்கிறார். ஷாட் முடிந்து அவர் சமாதானப்படுத்தப் போனபோது, அப்பா சும்மா சொன்னது எனக்குத் தெரியும் என்றானாம் பிள்ளை. கெட்டிக்காரன்தான்.

அதன்பின் பணம் கொட்டியது. ‘ஆலிவர் ட்விஸ்ட்’ உட்படப் படங்கள் வரிசைகட்டின. பொம்மை முதல் வேர்க்கடலை வெண்ணெய் வரை அவன் பெயரில் விற்றது. வீட்டில் அவனுக்குக் கிடைத்த கைச்செலவு வாரத்துக்கு ஆறேகால் டாலர்.

1935-ல் ஒரு கார் விபத்தில் அப்பா இறந்தார். அந்தக் காரில் இருந்தவர்களில் பிழைத்தது ஜாக்கி மட்டும். கணக்கு வழக்குகளைப் பார்த்துவந்த ஆர்தர் பெர்ன்ஸ்டைனை அம்மா மறுமணம் செய்துகொண்டார். வயது 21 ஆனதும் தன் சம்பாத்தியத்தைக் கேட்டான் மகன். தரவில்லை. 1938-ல் கோர்ட்டுக்குப் போனான். சம்பாதித்தது 30, 40 லட்சம் டாலர் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். ஆனால் மைனர் பிள்ளையின் வருமானம் பெற்றோருக்கே என்றது அன்றைய கலிபோர்னியா சட்டம். பெற்ற தாய்க்கு எதிராக வழக்கா என்று முகம் சுளிக்கலாம்; வேறு வழியென்ன இருந்தது? கடைசியில் கையில் வந்தது சுமார் 1,26,000 டாலர்.

ஊர் கொதித்ததில் 1939-ல் சட்டம் பிறந்தது: குழந்தை நட்சத்திரத்தின் வருமானத்தில் ஒரு பங்கைத் தனியே சேமித்துவைக்க வேண்டும். ஆனால் அது கோர்ட் ஒப்புதல் பெற்ற ஒப்பந்தங்களுக்கே பொருந்தியதால் ஓட்டைகள் ஏராளம். 2000-ல் நடைமுறைக்கு வந்த திருத்தம்தான் 15 சதவீதத்தைக் கட்டாயமாக்கியது.

வழக்குக்குப் பின் ஜாக்கி ராணுவத்தில் சேர்ந்தார். 1944-ல் அஸ்ஸாமிலிருந்து கிளம்பி, பர்மாவில் ஜப்பானியப் படைக்குப் பின்னால் வீரர்களை இறக்கிய கிளைடர் விமானிகளில் அவரும் ஒருவர். திரும்பி வந்தபோது ஹாலிவுட்டில் பெரிய வரவேற்பில்லை. சின்னச் சின்ன வேடங்கள்தான்.

பிறகு 1964. ‘ஆடம்ஸ் ஃபேமிலி’ டி.வி. தொடரில் மொட்டைத்தலை, கண்ணைச் சுற்றிக் கருவளையம். ஜாக்கி நடித்த அங்கிள் ஃபெஸ்டர் பல்பை வாயில் வைத்தால் எரியும்! டி.வி. முன் உட்கார்ந்து கைதட்டிய பொடிசுகளில் எத்தனை பேருக்குத் தெரியும், அவர்களுடைய தாத்தா பாட்டிகளை அழவைத்த பையன் அவர்தான் என்று?

1984-ல் ஜாக்கி இறந்தார். கலிபோர்னியாவில் இன்று ஒரு குழந்தை நடிக்க ஒப்பந்தமானால், பெற்றோர் பேங்க்குக்குப் போய்த் திறக்கும் கணக்குக்குப் பெயர் ‘கூகன் அக்கவுன்ட்’.