13 புள்ளிகளும் ஒரு கடிதமும்

வாலிநோக்கத்தில் என்னை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கன்வாடியில் 28 வருடம் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. காரணம், மனு. ரேஷன் கார்டு, முதியோர் உதவித்தொகை, தடைக்கால நிவாரணம், கடலுக்குப் போனவர் கரை திரும்பாத வீட்டுக்குச் சான்றிதழ், எதுவானாலும் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். எழுதிக் கொடுப்பேன். காசு வாங்குவதில்லை, கடலில் பாடு இருந்தால் மறுநாள் நாலு மீன் வரும்.

ஒருநாள் சாயங்காலம் எங்கள் தெரு மாமா ஒருவர் திண்ணைக்கு வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர், இன்னமும் வலை பொத்துகிற கை. உட்கார்ந்ததும் கேட்டார்: "டீச்சர், கடல்ல கோடு போட்டது யாரு? அவுகளுக்கு ஒரு மனு எழுத முடியுமா?"

பேனாவை எடுத்து வழக்கம்போல் 'அனுப்புநர்' என்று எழுதினேன். ஊர் பெயரை எழுதினேன். அடுத்த வரியில் 'பெறுநர்' என்று எழுதிவிட்டு நின்றுவிட்டேன். தாசில்தாரா? கலெக்டரா? முதலமைச்சரா? இரண்டு நாடுகள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு கடலோர ஊர் யாரிடம் பேசுவது? அந்த ஒரு வரியை நிரப்பத்தான் எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

கோடு என்றாலே எல்லாருக்கும் கச்சத்தீவுதான் நினைவுக்கு வரும். 285 ஏக்கர், ஒரு அந்தோணியார் கோயில், மாசி பங்குனியில் திருவிழா. 1974 ஜூன் 26ஆம் தேதி கொழும்பில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும், 28ஆம் தேதி டெல்லியில் இந்திரா காந்தியும் கையெழுத்திட்டார்கள். தீவு இலங்கைப் பக்கம் போனது. ஆனால் அந்தக் கோடு பாக் நீரிணையில் தொடங்கி ஆதாம் பாலத்தோடு முடிந்துவிடுகிறது. வாலிநோக்கம் அதற்கு மேற்கே, மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கிறது. எங்கள் கடலுக்குக் கோடு போட்டது வேறொரு ஒப்பந்தம். 1976 மார்ச் 23, டெல்லி. மன்னார் வளைகுடாவில் 13 புள்ளிகளைக் குறித்து, ஒன்றோடொன்று சேர்த்து ஒரு கோடு. தெற்கே கன்னியாகுமரிக்கு அப்பால் உள்ள வாட்ஜ் பேங்க் என்ற மீன்வளம் மிகுந்த மேட்டுக்கடல் இந்தியாவுக்கு உறுதியானதும் இதில்தான்.

இந்த 1976ஐப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் குறைவு. எனக்கு அதுதான் ஆறாத வருத்தம். 1974 ஒப்பந்தத்தில் இரண்டு பிரிவுகள் நமக்காக எழுதப்பட்டவை. ஐந்தாவது பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே கச்சத்தீவுக்கு வந்து போகலாம், விசா தேவையில்லை என்கிறது. ஆறாவது பிரிவு, இரு நாட்டுப் படகுகளும் கப்பல்களும் மற்றவர் கடலில் வழிவழியாக அனுபவித்துவந்த உரிமை தொடரும் என்கிறது. அந்த உரிமையில் மீன்பிடிப்பும் அடங்கும் என்பது நம் பக்கத்து வாதம். அடங்காது என்று இரண்டு அரசுகளும் சொல்லிவருகின்றன. அந்த வாதத்தையே அடைத்துவிட்டது 1976இல் எழுதப்பட்ட ஒரு கடிதம். இந்திய வெளியுறவுச் செயலர் கேவல் சிங்கும் இலங்கைச் செயலர் டபிள்யூ.டி. ஜயசிங்கவும் அதே மார்ச் 23 அன்று கடிதம் மாற்றிக்கொண்டார்கள். இந்தியப் படகு இலங்கைக் கடலிலும், இலங்கைப் படகு இந்தியக் கடலிலும், அந்தந்த அரசின் அனுமதி இல்லாமல் மீன் பிடிக்கக் கூடாது என்பது அதன் சாரம். வாட்ஜ் பேங்கில் மட்டும் இலங்கையின் 6 கப்பல்களுக்கு 3 வருடம், வருடத்துக்கு 2,000 டன்னுக்கு மேல் போகாமல் பிடித்துக்கொள்ள விலக்கு கொடுத்தார்கள். படிப்படியாக விலகிக்கொள்ள அவர்களுக்கு மூன்று வருட அவகாசம். பாக் நீரிணையில் வலை வீசிக்கொண்டிருந்த நம் ஆட்களுக்கு ஒருநாள் அவகாசம்கூட அந்தக் கடிதத்தில் இல்லை.

அந்தத் தேதியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நாட்டில் அவசரநிலை நடந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டில் ஜனவரி 31 அன்று ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள், சட்டமன்றமும் இல்லை. 52 நாள் கழித்துக் கடிதம் கைமாறுகிறது. அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா வத்தையில் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். கடிதம் எழுதிய நாளில் அவர் என்ன மீன் கொண்டுவந்தார் என்பது யாருக்கும் நினைவில்லை. அப்படி ஒரு கடிதம் எழுதப்பட்டது என்பது அவருக்குச் சாகும்வரை தெரியாது.

முதல் மனுவை நான் தப்பாக எழுதிவிட்டேன். 'கடல் எல்லைப் பிரச்சினைக்குத் தீர்வு காண வேண்டுதல்' என்று தலைப்புப் போட்டு, ஒரு அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'எல்லை அளவீடு தொடர்பாகப் பட்டா நகல், சர்வே எண் இணைத்து மீண்டும் விண்ணப்பிக்கவும்.' அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நூற்று நாற்பது பேர் கையெழுத்துப் போட்ட மனு அது. யாரோ ஒருவர் முழுதும் படிக்காமல் தள்ளிவிட்டார் என்ற கோபம் இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் எந்த ஒப்பந்தம், எந்தத் தேதி, என்ன கேட்கிறோம் என்று நானும் எழுதவில்லை.

பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சென்னையில் தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு உறவுக்காரத் தம்பி கைகொடுத்தான். அவன் சொன்னது எனக்குப் பெரிய பாடம். "அக்கா, வெளிநாட்டோட ஒப்பந்தம் போடுறது மத்திய அரசு. நம்ம நாட்டுல அதுக்குப் பார்லிமென்ட் ஒப்புதல்கூட முன்கூட்டியே வாங்கணும்னு கட்டாயம் இல்ல." அமெரிக்காவில் அயல்நாட்டு உடன்படிக்கை என்றால் செனட் சபைக்கு வந்திருக்கும் உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஒப்ப வேண்டும். இங்கே அமைச்சரவை முடிவு செய்து கையெழுத்திட்டுவிட்டு, அதன்பிறகு அவையில் வைக்கலாம். 1974இல் நடந்ததும் அதுதான். ஜூன் மாதம் கையெழுத்து. ஜூலை 23 அன்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் அறிக்கை வாசித்தார். எங்கள் இராமநாதபுரம் தொகுதியின் உறுப்பினர் மூக்கையாத் தேவரும், திமுகவின் இரா. செழியனும் கடுமையாக எதிர்த்துப் பேசினார்கள். வெளிநடப்பு நடந்தது. எங்கள் ஊர்க்குரல் டெல்லியில் ஒலிக்கத்தான் செய்தது. ஆனால் மை காய்ந்த பிறகு ஒலித்தது.

சட்டமன்றமும் சும்மா இருக்கவில்லை. 1974 ஆகஸ்டில் ஒரு தீர்மானம், 1991இல் ஒன்று, 2025 ஏப்ரல் 2 அன்று மறுபடி ஒன்று, ஒருமனதாக. 2008இல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அவர் கையில் எடுத்த வழக்குதான் பெருபாரி. மேற்கு வங்கத்தில் ஜல்பைகுரி மாவட்டத்து ஊர். 1958இல் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் பெரோஸ்கான் நூனும் பேசி, பெருபாரியில் பாதியைக் கொடுத்துவிடுவது என்று முடிவானது. ஊர்க்காரர்கள் ஒப்பவில்லை. மாநிலச் சட்டமன்றம் எதிர்த்தது. விஷயம் குடியரசுத் தலைவர் வழியாக உச்ச நீதிமன்றம் போய், நாட்டு நிலத்தைக் கொடுப்பதென்றால் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று 1960இல் சொல்லிவிட்டார்கள். அதற்காக 9ஆவது திருத்தம்கூட வந்தது. அப்படியும் நிலம் கைமாறவில்லை. கடைசியில் 1974 மே 16 அன்று இந்திரா காந்தியும் முஜிபுர் ரகுமானும் போட்ட ஒப்பந்தத்தில் அந்தப் பாதி இந்தியாவிடமே நின்றது. அதற்கு 41ஆவது நாள் கச்சத்தீவு போனது. ஒரே பிரதமர், ஒரே கோடைகாலம். கச்சத்தீவு யாருடையது என்பதே தீராத வழக்காக இருந்தது, ஆகவே நாம் எதையும் கொடுக்கவில்லை என்பது மத்திய அரசின் பதில். எனக்கு அந்தப் பதில் மனதுக்கு ஒப்பவில்லை. இராமநாதபுரம் ஜமீனின் கணக்கில் இருந்த தீவு அது.

இதையெல்லாம் ஊருக்குச் சொல்ல வேண்டுமே. மதியத்துக்கு மேல், ஏலம் முடிந்து ஆண்கள் ஓய்ந்த நேரம் பார்த்து, கடற்கரைக் கொட்டகையில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து படித்துக் காட்டினேன். ஒரு பிரிவு படிப்பேன், நிறுத்துவேன். 'வழிவழியாக' என்ற வார்த்தையை ஒரு பாய் மூன்று தடவை திரும்பப் படிக்கச் சொன்னார். பெண்கள் வேறொன்றைக் கேட்டார்கள். பாசி எடுக்கப் போகிற ஒரு மதினி, "அந்தக் கடிதத்துல நம்ம பக்கத்துத் தீவுங்களப் பத்தி என்ன இருக்கு?" என்றாள். எங்கள் கரையோரத்து 21 தீவுகள் தேசியப் பூங்காவாக இருக்கின்றன. அதற்கும் ஒப்பந்தத்துக்கும் சம்பந்தமில்லை, அது உள்நாட்டுச் சட்டம் என்று விளக்க வேண்டியிருந்தது. எது எந்த அதிகாரத்தில் வருகிறது என்று பிரித்துப் பார்க்க அவள் கேள்விதான் கற்றுக்கொடுத்தது.

பிரித்துப் பார்த்தபோது வழி தெரிந்தது. கிராமசபைத் தீர்மானம் ஊரின் பேச்சைப் பதிவில் ஏற்றும். சட்டமன்ற உறுப்பினரால் டெல்லியை வலியுறுத்தத்தான் முடியும். ஒப்பந்தம் பற்றிக் கேள்வி கேட்டு அமைச்சரைப் பதில் சொல்ல வைப்பது எம்.பி.யின் வேலை. அவருக்கு நட்சத்திரக் கேள்வி இருக்கிறது. வாய்மொழியாகப் பதில் வரும், துணைக்கேள்வியும் கேட்கலாம். விதி 377இன் கீழ் ஒரு விஷயத்தை எழுப்பினால் அமைச்சகம் பிறகு எழுத்தில் பதில் தரும். இன்னொன்றும் இருக்கிறது, அதிகம் பேருக்குத் தெரியாது. மக்களவைக்கே பொதுமக்கள் நேரடியாக மனு கொடுக்கலாம். ஒரு எம்.பி. அதில் மேலொப்பம் இட வேண்டும். மொழி மரியாதையாக இருக்க வேண்டும். தமிழில் எழுதினால் ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாதவர் கைரேகை வைக்கலாம்.

வெறுமனே 'தீவை மீட்டுக் கொடுங்கள்' என்று எழுதினால், அந்த வரியை எல்லாக் கட்சிக்காரரும் தலையாட்டி வாங்கிவைத்துக்கொள்வார்கள். பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி வேண்டும். நாங்கள் இரண்டைக் கேட்டோம். 1974இன் ஆறாவது பிரிவு இன்றைக்கும் உயிரோடு இருக்கிறதா, இருந்தால் 1976 கடிதத்தோடு அதை எப்படிப் பொருத்திப் படிப்பது என்று அரசு அவையில் சொல்ல வேண்டும். இனி மீனவர் பிழைப்பைத் தொடும் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துக்கு முன்னால் கரையோர மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டாக வேண்டும்.

மூன்றாவது வரி ஒன்று வந்தது. அதில் கொட்டகையில் சண்டையே வந்தது. இழுவைமடியை நிறுத்த வேண்டும் என்று எழுதலாமா கூடாதா? எங்கள் ஊர் பெரும்பாலும் நாட்டுப்படகு. இழுவைமடி கடலடியை வாரி, குஞ்சு குருமானோடு இழுத்துப் போவதை நாங்களே பார்த்து நொந்தவர்கள். ஆனால் இராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் விசைப்படகில் கூலிக்குப் போகிற தம்பிமார் நம் சொந்தம். 20 வருடத்தில் 6,184 பேர் பிடிபட்டார்கள், 1,175 படகுகள் போயின என்று 2024இல் வெளியுறவு அமைச்சரே சொன்னார். அதில் ஒவ்வொருவரும் ஒரு வீட்டுப் பிள்ளை. விசைப்படகை ஆழ்கடல் படகாக மாற்ற 2017இல் வந்த திட்டத்தில் ஒரு படகு 80 லட்சம். மானியம் 70 சதவீதம் என்றாலும் மீதியைப் புரட்ட எத்தனை பேரால் முடியும்?

அப்போதுதான் நான் அந்தக் கரையைப் பற்றிப் படித்ததைச் சொன்னேன். யாழ்ப்பாணத்து, முல்லைத்தீவு மீனவர்கள் 26 வருடப் போரில் கடலையே இழந்து, திரும்பி வந்து கடன் வாங்கி வலை போட்டால், விடிகாலையில் வலை அறுந்து கிடக்கிறது. அவர்களும் தங்கள் எம்.பி.யைத்தான் பிடித்தார்கள். சுமந்திரன் இழுவைமடித் தடையைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுபோனார். 2017இல் அது அங்கே சட்டமானது. அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்து என்று 2021 அக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறைக்குப் படகிலேயே ஊர்வலம் போனார்கள். நாம் கேட்கிற அதே பிழைப்புரிமையைத்தான் அவர்களும் கேட்கிறார்கள், அதுவும் தமிழில்.

கொட்டகை கொஞ்சநேரம் அமைதியாக இருந்தது. வலை பொத்திக்கொண்டிருந்த மாமா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "எழுது டீச்சர்" என்றார். படகுக்காரர் கடனுக்கும் கூலிக்காரர் பிழைப்புக்கும் வழி செய்து, காலக்கெடு வைத்து நிறுத்த வேண்டும் என்று எழுதினேன்.

கையெழுத்து வாங்கியது ஏலக்கூடத்தில். ஈரக் கை, மை பரவியது. ஒரு தாளில் இரண்டு கைரேகைக்கு நடுவே மீன் செதில் ஒன்று ஒட்டிக் காய்ந்துவிட்டது. எடுத்தால் தாள் கிழியும், அப்படியே விட்டுவிட்டேன். மேலொப்பத்துக்காக அந்தக் கட்டு இப்போது ஒரு மேசையில் இருக்கிறது. மாதம் ஒருமுறை போன் போட்டு நிலவரம் கேட்கிறேன். பெறுநர் என்ற இடத்தில் 'மக்களவை, புதுடெல்லி' என்று இருக்கிறது.

போன வாரம் மாமா மறுபடி வந்தார். இன்னொரு மனு வேண்டுமாம். யாருக்கு என்று கேட்டேன். பருத்தித்துறையில் மீனவர் சங்கம் இருக்குமே, அவுகளுக்கு ஒண்ணு எழுது என்றார். நீங்கள் நாலு பேர் வாருங்கள், அல்லது நாங்கள் நாலு பேர் வருகிறோம், நாள் கணக்கையும் வலைக் கணக்கையும் உட்கார்ந்து பேசலாம் என்று எழுத வேண்டுமாம். 2004இலிருந்தே அப்படிப் பலமுறை பேசியிருக்கிறார்கள், பாதியில் நின்றிருக்கிறது என்றேன். "நின்னா என்ன, நின்ன எடத்துலேருந்து பேசுவோம்."

தாளை எடுத்தேன். டெல்லி மனுவுக்கு ஆங்கிலத்தில் மாற்றித் தர ஆள் தேடி மூன்று வாரம் அலைந்திருந்தேன். இதற்கு அந்த வேலை இல்லை. பெறுநர் என்று எழுதி, அதன்கீழே நேராகத் தமிழில் தொடங்கினேன்.